பிழையைக் காட்டிய தேசப்படம்: தோபியாஸ் மாயரின் கதை

போனில் மப்பைத் திறந்து யாழ்ப்பாணத்தை ஒருக்கா விரலால் அழுத்திப் பிடியுங்கோ. இரண்டு இலக்கங்கள் வரும். ஒன்று ஏறக்குறைய 9.7, மற்றது ஏறக்குறைய 80. முதலாவது, நாங்கள் மத்திய கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்பது. இரண்டாவது, கிறீனிச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே இருக்கிறோம் என்பது.

முதலாவது இலக்கத்தில் கேட்க ஒன்றும் இல்லை. பூமி சுற்றுகிற விதத்திலேயே மத்திய கோட்டின் இடம் தீர்மானமாகிவிடுகிறது. இரண்டாவதில்தான் கேள்வி. என்னத்துக்கு கிறீனிச்? லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மேட்டிலிருந்து எங்கட ஊரை ஏன் அளக்க வேண்டும்? 1884இல் வாஷிங்டனில் ஒரு மாநாடு கூடித் தீர்மானித்தது என்று படித்திருக்கிறோம். சரி. ஆனால் அந்த மாநாடு கூடுவதற்கு நூறு வருசத்துக்கு முதலே கப்பல்காரர்கள் கிறீனிச்சிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த ஒரு பஞ்சாங்கம் கிறீனிச் நேரத்துக்குக் கணிக்கப்பட்டிருந்தது. அந்தப் பஞ்சாங்கத்தின் அடியில் இருந்த சந்திரக் கணக்கைப் போட்டவர் ஒரு ஆங்கிலேயர் இல்லை. கடற்கரையே இல்லாத ஊர்களில் வாழ்ந்து, 39 வயதில் இறந்துபோன ஒரு ஜேர்மன்காரர். தொழில் தேசப்படம் வரைதல். பெயர் தோபியாஸ் மாயர்.

தேசப்படங்களைப் பற்றி நாங்கள் வாசித்துக்கொண்டு போனபோது அகப்பட்ட ஆள் இவர். முதலில் ஒரு வரிக்குள் வந்து போனார். பிறகு விட முடியவில்லை.

செருப்புத் தைப்பவரின் புத்தகங்கள்

மாயர் 1723 பெப்ரவரி 17இல், தென் ஜேர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள மார்பாக் என்ற சிறிய ஊரில் பிறந்தார். (36 வருசம் கழித்துக் கவிஞர் ஷில்லர் பிறந்ததும் அதே ஊரில்தான்.) தகப்பன் வண்டில் செய்கிற தொழிலாளி. பிறகு எஸ்லிங்கன் நகரத்தில் கிணறு, தண்ணீர் வேலைகளைப் பார்க்கிற வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. 1731இல் தகப்பன் இறந்தார். 1737இல் தாயும் போய்விட்டார். அந்தப் பெடியன் வளர்ந்தது அநாதை இல்லத்தில்.

கணிதம் படிப்பிக்க ஆள் இல்லை. ஆனால் ஊரில் கான்ட்லர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருக்குக் கணிதத்தில் பைத்தியம். புத்தகம் வாங்கக் கையில் கொஞ்சம் காசு இருந்தது, வாசிக்க நேரம் இல்லை. நாள் முழுக்கச் செருப்புத் தைக்க வேண்டும். மாயரிடம் நேரம் இருந்தது, காசு இல்லை. ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். புத்தகத்தை அவர் வாங்குவார், பகலில் இவர் வாசிப்பார், பின்னேரம் இருவரும் சேர்ந்து வாசித்ததைக் கதைப்பார்கள். மாயரின் பல்கலைக்கழகம் அவ்வளவுதான். பிறகு அவர் பேராசிரியராகப் போனபோதும் கையில் எந்தப் பட்டப் படிப்பும் இல்லை.

1739இல், 16 வயதில், எஸ்லிங்கன் நகரத்தை அளந்து ஒரு படம் வரைந்தார். அது செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடிக்கப்பட்டது. 1741இல், 18 வயதில், கேத்திர கணிதத்தைப் பற்றி ஒரு புத்தகம். பிறகு அவுக்ஸ்பேர்க் நகரத்துக்குப் போய், 1745இல் ‘கணித அட்லஸ்’ என்ற பெயரில் ஒரு பெரிய படப்புத்தகம். கணிதமும் கோட்டைக் கட்டடமும் வானியலும் படம் படமாக இருந்தன. அதைப் பார்த்துத்தான், அக்கால ஜேர்மனியின் பெரிய தேசப்படக் கொம்பனி அவரைக் கூப்பிட்டது.

நியூரம்பேர்க்கில் ஒரு கேள்வி

அந்தக் கொம்பனியை 1702இல் யோஹான் பப்டிஸ்ட் ஹோமான் என்பவர் நியூரம்பேர்க்கில் தொடங்கியிருந்தார். அவரும் அவருடைய மகனும் இறந்த பிறகு ‘ஹோமான் வாரிசுகள்’ என்ற பெயரில் நடந்தது. அழகான நிறம் தீட்டிய படங்கள், மூலைகளில் தேவதைகளும் அரச சின்னங்களும். ஐரோப்பா முழுக்க விற்பனை. 1746இல் மாயர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஐந்து வருசம் இருந்தார். ஏறக்குறைய முப்பது தேசப்படங்களில் அவருடைய கை பட்டது.

அக்காலத்தில் தேசப்படக் கொம்பனி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் அவருடைய பிரச்சினை விளங்கும். யாரும் ஊர் ஊராகப் போய் அளப்பதில்லை. பழைய படங்களை மேசையில் விரித்து வைப்பார்கள். பயணிகள் எழுதிய தூரக் கணக்கை எடுப்பார்கள். வேறொரு கொம்பனியின் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் திருத்துவார்கள். பிறகு செப்புத்தகட்டில் செதுக்குவார்கள். தகட்டில் ஏறிய பிழை பத்து இருபது வருசத்துக்கு அச்சாகிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து அடுத்த கொம்பனி வரையும். பிழைக்கும் வம்சம் உண்டு.

மாயர் கேட்ட கேள்வி சாதாரணமானது. இந்தப் படத்தில் உள்ள இத்தனை ஊர்களில், உண்மையாகவே இடம் தெரிந்த ஊர் எத்தனை? ஒருவர் வானத்தைப் பார்த்து அளந்து, இது இங்கேதான் என்று சொல்லக்கூடிய ஊர் எத்தனை? தேடிப் பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம் போல இருந்தது. மற்றதெல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தது.

ஏன் இப்படி? ஒரு ஊரின் அகலக்கோடு கண்டுபிடிப்பது லேசு. இரவில் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தால் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். நெடுங்கோடுதான் தொல்லை. பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை, நாலு நிமிசத்துக்கு ஒரு பாகை. ஆகவே ரெண்டு ஊர்களின் நெடுங்கோட்டு வித்தியாசம் என்பது அந்த ரெண்டு ஊர்களின் நேர வித்தியாசம்தான். ‘இங்கே இப்ப எத்தனை மணி’ என்பதைச் சூரியனைப் பார்த்துச் சொல்லலாம். ‘அதே கணத்தில் அங்கே எத்தனை மணி’ என்பதை எப்படி அறிவது? போன் இல்லை, தந்தி இல்லை. ஜேர்மனி இருக்கும் இடத்தில் ஒரு நிமிசம் பிழைத்தால் படத்தில் ஊர் 18 கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும்.

பிழைகளின் படம்

1750இல் ஹோமான் கொம்பனி மாயரின் ஒரு படத்தை வெளியிட்டது. லத்தீனில் ‘மப்பா கிறிற்றிக்கா’ என்று பெயர், அதாவது விமர்சன தேசப்படம். ஜேர்மனியின் படம்தான். ஆனால் அதில் ஒரே ஜேர்மனி மூன்று தடவை வரையப்பட்டிருந்தது. பிரான்சின் புகழ்பெற்ற தேசப்படக்காரர் கியோம் டெலில் வரைந்தபடி ஒன்று. கொம்பனியைத் தொடங்கிய ஹோமான் வரைந்தபடி ஒன்று. வானியல் அளவைகளையும் நம்பக்கூடிய வேறு சான்றுகளையும் வைத்து மாயர் திருத்தியபடி ஒன்று. மூன்றும் ஒரே தாளில், ஒன்றின் மேல் ஒன்று. கோடுகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதைச் சின்னப்பிள்ளைகூடப் பார்க்கலாம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. ஒரு கொம்பனிச் சம்பளத்தில் இருக்கிற 27 வயது ஆள், அந்தக் கொம்பனியின் ஸ்தாபகர் எங்கெங்கே பிழைவிட்டார் என்று படம் வரைகிறார். கொம்பனியும் அதை அச்சடித்து விற்கிறது. அப்போது கொம்பனியை நடத்தியவர்களில் ஒருவரான யோஹான் மைக்கேல் ஃபிரான்ஸ் இந்த விசயத்தில் மாயரோடு நின்றவர். பழைய படங்களைத் திரும்பத் திரும்ப அச்சடித்தால் எதிர்காலம் இல்லை என்று நினைத்த ஆள்.

எங்களுக்கு இந்தப் படத்தில் பிடித்தது ஒன்றுண்டு. மாயர் தன்னுடைய படத்தை மட்டும் வெளியிட்டு ‘இதுதான் சரி’ என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் எல்லாரும் செய்தார்கள். அவர் மற்றக் கோடுகளையும் அதே தாளில் விட்டுவைத்தார். வாங்குபவர் பார்க்கட்டும், ஒப்பிடட்டும், எவ்வளவு நிச்சயமில்லாத ஒரு விசயத்தை இவ்வளவு காலம் நிச்சயம் என்று சுவரில் மாட்டியிருந்தோம் என்று விளங்கட்டும்.

சந்திரனில் ஒரு புள்ளி

சரி, பிழை தெரிகிறது. திருத்துவது எப்படி? நேரத்தை அறிய வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் தெரியக்கூடிய ஒரு மணிக்கூடு வேண்டும். அது வானத்தில்தான் இருக்க முடியும்.

சந்திர கிரகணம் ஒரு வழி. ஆனால் நிழலின் விளிம்பு மங்கல். எப்போது தொட்டது என்று இரண்டு பேர் இரண்டு நேரம் சொல்வார்கள். மாயர் நம்பியது வேறொன்றை. சந்திரன் வானத்தில் நகரும்போது இடையில் வரும் நட்சத்திரங்களை மறைக்கும். மறைக்கும் கணம் மிகக் கூர்மையானது. நட்சத்திரம் இருக்கும், அடுத்த நொடி இருக்காது. மங்கி மங்கி மறைவதில்லை. சந்திரனுக்கு வளிமண்டலம் இருந்திருந்தால் அப்படிச் சட்டென்று மறையாது என்று அவர் வாதித்தார். சந்திரனில் காற்று இல்லை என்று ஒரு கட்டுரையே எழுதினார். ஜேர்மன் ஊர்களின் இடத்தைத் திருத்தப் போன ஆள் அங்கே வந்து நிற்கிறார்.

ஆனால் நட்சத்திரம் சந்திரனின் எந்த இடத்தில் மறைந்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும். அதற்குச் சந்திரனுக்கே ஒரு நல்ல படம் வேண்டும். இருந்த படங்கள் கண் மதிப்பில் வரைந்தவை. அதுமட்டுமில்லை, சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்று சொல்கிறோமே, அது முழுக்கச் சரியில்லை. சந்திரன் மெதுவாகத் தலையை ஆட்டுகிற மாதிரி அசைகிறது. அந்த ஆட்டத்தால் மொத்தமாகச் சந்திரனின் 59 வீதத்தை நாங்கள் பார்க்கிறோம். ஆட்டத்தை அளக்காமல் படம் வரைய முடியாது.

மாயர் தொலைகாட்டிக்குள் மெல்லிய கோடுகள் இட்ட கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, அதை அளவுகோலாக்கினார். சந்திரனின் நடுப்பகுதிக்குக் கிட்ட உள்ள மனிலியஸ் என்ற கிண்ணக்குழியைத் தெரிந்தெடுத்தார். 1748இலிருந்து 1749 வரை அந்த ஒரு குழியின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். 27 அளவைகள் சேர்ந்தன. அவருக்குத் தெரிய வேண்டியவையோ மூன்று கணியங்கள் மட்டுமே.

இந்த இடத்தில் கணிதம் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். மூன்று தெரியாக்கணியத்துக்கு மூன்று சமன்பாடு போதும். 27 இருந்தால் என்ன செய்வது? ஒன்றுக்கொன்று முழுக்கப் பொருந்தாது, ஒவ்வொன்றிலும் சின்னப் பிழை. நல்ல மூன்றைத் தெரிந்தெடுத்து மற்றதை எறிவதுதான் வழக்கம். வேறுவேறு அளவைகளைக் கூட்டினால் பிழைகளும் கூடிவிடும் என்ற பயம் இருந்தது. அதே காலத்தில் வியாழன், சனி கிரகங்களின் கணக்கில் மினக்கெட்டுக்கொண்டிருந்த மாபெரும் கணிதவியலாளர் ஒய்லரே அப்படிக் கூட்டத் தயங்கினார். மாயர் 27ஐயும் ஒன்பது ஒன்பதாக மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் கூட்டி, மூன்று சமன்பாடு ஆக்கித் தீர்த்தார். பிழைகள் ஒன்றை ஒன்று கொஞ்சம் தின்றுவிடும் என்று நம்பினார். புள்ளிவிபரவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இந்த இடத்தில் நின்றுதான் போகிறார்கள்.

அதிலும் அவர் ஒரு பிழை விட்டார். ஒன்பது மடங்கு அளவை எடுத்தால் ஒன்பது மடங்கு திருத்தம் கிடைக்கும் என்று நினைத்தார். உண்மையில் அது மூன்று மடங்குதான், ஒன்பதின் வர்க்கமூலம். அது விளங்கப் பிறகு வந்த ஆக்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் எந்த அளவையையும் எறியாமல் எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது.

இந்த அளவைகளை வைத்து அவர் வரைந்த சந்திரனின் படத்தில் பூமிப்படத்தில் இருப்பது போலவே அகலக்கோடும் நெடுங்கோடும் இருந்தன. சந்திரனில் ஒரு குழியின் இடம், அக்கால ஜேர்மனியின் பல ஊர்களின் இடத்தைவிட நிச்சயமாகத் தெரிந்திருந்தது என்று சொன்னாலும் பெரிய பிழை இல்லை.

சந்திரனை மணிக்கூடாக்குதல்

1751இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அதே வருசம் மரியா விக்டோரியாவைக் கலியாணம் கட்டினார். நகர மதிலின் ஒரு கோபுரத்தில் அமைந்த வானியல் அவதான நிலையம் பிறகு அவர் பொறுப்புக்கு வந்தது.

கோட்டிங்கனில் இருந்த ஒரு விசயம் பிற்பாடு முக்கியமாகியது. அந்த நகரம் ஹனோவர் நாட்டுக்குச் சொந்தம். ஹனோவரின் அரசர் வேறு யாருமில்லை, பிரித்தானியாவின் மன்னர் இரண்டாம் ஜோர்ஜ். கோட்டிங்கனில் செய்த வேலைக்கு லண்டனில் ஒரு வாசல் திறந்திருந்தது.

லண்டனில் ஒரு பரிசு காத்திருந்தது. 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நடுக்கடலில் கப்பலின் நெடுங்கோட்டை அரைப் பாகைக்குள் கண்டுபிடிக்க வழி சொன்னால் 20,000 பவுண். தரையில் ஊர் 18 கிலோமீற்றர் தள்ளிப் போனால் படம்தான் பிழை. கடலில் பிழைத்தால் கப்பல் பாறையில் ஏறும்.

இதில் ஒரு வழி, கடலிலும் பிழைக்காத மணிக்கூடு செய்வது. ஜோன் ஹரிசன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், அந்தக் கதை பலருக்குத் தெரியும். மற்ற வழி சந்திரன். சந்திரன் நட்சத்திரங்களுக்கு இடையில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய தன் அகலம் அளவு நகர்கிறது. மணிக்கூட்டின் முள் மாதிரி. சந்திரனுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடையிலான கோணத்தை அளந்து, ‘இந்தக் கோணம் வரும்போது கிறீனிச்சில் இத்தனை மணி’ என்று ஒரு அட்டவணையில் பார்த்தால் முடிந்தது.

ஆனால் அட்டவணை சரியாக இருக்க வேண்டும். சந்திரனின் இடத்தில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிழைத்தால், நெடுங்கோட்டில் 27 கலை பிழைக்கும். கிட்டத்தட்ட அரைப் பாகை. பரிசின் எல்லையே அதுதான். சந்திரனோ கணக்குக்கு அடங்காத ஆள். பூமி இழுக்கிறது, சூரியனும் இழுக்கிறது. நியூற்றனுக்கே அது பெரிய தலையிடி.

மாயர் என்ன செய்தார்? ஒய்லரின் கோட்பாட்டை எடுத்தார். இரண்டு பேரும் 1751இலிருந்து 1755 வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். கோட்பாடு சமன்பாட்டின் உருவத்தைத் தந்தது. ஆனால் அதில் வரும் எண்களைக் கோட்பாட்டிலிருந்து மட்டும் எடுக்காமல், ஏராளமான கிரகண, மறைப்பு அவதானங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்தினார். நியூரம்பேர்க்கில் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்த அதே பழக்கம்தான். 1753இல் அட்டவணைகள் வெளிவந்தன. 1755இல் அவை திருத்தப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அனுப்பச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் ஒய்லரும் ஒருவர்.

கிறீனிச்சின் அரச வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி தன்னிடம் இருந்த அவதானங்களோடு அவற்றை ஒப்பிட்டார். ஒன்றரைக் கலைக்குள் பொருந்தின. அதுவரை யாரும் கொடுக்காத துல்லியம்.

வெடிமருந்துக் கோபுரம்

அட்டவணையோடு மாயர் ஒரு கருவியின் யோசனையையும் அனுப்பியிருந்தார். கோணத்தை ஒருதடவை அளக்காமல், ஒரு முழு வட்டத்தில் திரும்பத் திரும்ப அளந்து கூட்டும் கருவி. மனிலியஸ் குழியை 27 தடவை அளந்த ஆளின் புத்தி இதிலும் தெரிகிறது. லண்டனில் ஜோன் பேர்ட் அதைச் செய்துகொடுக்க, கப்டன் ஜோன் காம்ப்பெல் கடலில் சோதித்தார். யோசனை நல்லது, கையில் பிடிக்கப் பாரம் என்றார். முழு வட்டத்துக்குப் பதிலாக ஆறில் ஒரு பங்கு மட்டும் உள்ள கருவியைப் பேர்ட்டிடம் கேட்டார். கப்பல் படங்களில் நாங்கள் பார்க்கிற செக்ஸ்ரன்ட் அப்படித்தான் வந்தது.

அதற்குள் ஏழு வருசப் போர் தொடங்கிவிட்டது. பிரெஞ்சுப் படைகள் கோட்டிங்கனைப் பிடித்தன. மாயரின் அவதானக் கோபுரத்தில் வெடிமருந்தைக் கொண்டுவந்து சேமித்தார்கள். போர் என்றால் முதலில் எந்தக் கட்டடங்கள் பறிபோகும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. லண்டனில் பரிசு பற்றிய முடிவும் இழுபட்டது.

அந்த வருசங்களிலும் மாயர் அட்டவணைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1762 பெப்ரவரி 20இல் இறந்தார். 39 வயது முடிந்து மூன்று நாள். பரிசுக் காசில் ஒரு பவுண்கூட அவர் கையில் வரவில்லை.

மரியா விக்டோரியா

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியாததற்கு ஒரு காரணம் அவருடைய மனைவி. மாயர் கடைசியாகத் திருத்தி வைத்திருந்த அட்டவணைகள் 1763இல் மரியா விக்டோரியாவிடமிருந்து லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தத் தாள்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்து பழுதாகியிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத எங்களுக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.

இதற்கிடையில் நெவில் மஸ்கெலைன் என்ற வானியலாளர் 1761இல் சென் ஹெலனாத் தீவுக்குப் போகும் வழியில் மாயரின் பழைய அட்டவணைகளைக் கடலில் பாவித்துப் பார்த்தார். வேலை செய்தது. 1765இல் பாராளுமன்றம் முடிவெடுத்தது. மாயரின் விதவைக்கு 3,000 பவுண். கோட்பாட்டுக்காக ஒய்லருக்கு 300. ஹரிசனுக்கு, தன் மணிக்கூட்டின் இரகசியத்தை வெளியிட்டால் 10,000.

அரச வானியலாளரான மஸ்கெலைன் உடனே வேலையைத் தொடங்கினார். கடலில் ஒருவர் மாயரின் அட்டவணையிலிருந்து கணக்குப் போட்டு முடிக்க நாலு மணித்தியாலம் பிடிக்கும். அதில் பெரும்பகுதியை முன்கூட்டியே போட்டு அச்சடித்துவிட்டால், கப்பலில் அரை மணித்தியால வேலைதான். 1767ஆம் ஆண்டுக்கான கடற்பஞ்சாங்கம் 1766இல் வெளிவந்தது. எல்லாம் கிறீனிச் நேரத்துக்கு. கப்டன் குக் 1768இல் கிளம்பிய முதற் பயணத்தில் நல்ல கடல் மணிக்கூடு ஒன்றும் இல்லை. நியூசிலாந்தின் கரையைப் படமாக்கும்போது நெடுங்கோட்டைச் சந்திரனைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். மணிக்கூடுகள் விலை கூட என்றபடியால் இந்த முறை நீண்ட காலம் ஓடியது. கடற்பஞ்சாங்கத்தில் சந்திரத் தூர அட்டவணைகள் 1906 வரை அச்சாகின. எங்கட போனில் தெரிகிற அந்த 80 கிறீனிச்சிலிருந்து எண்ணப்படுவதற்கு இந்தப் பஞ்சாங்கத்துக்குப் பெரிய பங்குண்டு.

யாருக்காகத் திருத்திய படம்?

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. 1763–64இல் ஹரிசனின் மணிக்கூட்டையும் மாயரின் அட்டவணையையும் பரீட்சித்த இடம் பார்படோஸ். அடிமைகளின் உழைப்பில் சீனி விளைந்த தீவு. கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல்கள் இந்துசமுத்திரத்துக்கு வந்தபோது அவற்றின் அதிகாரிகளும் சந்திரத் தூரம் பார்த்தார்கள். வழி தெரிந்த கப்பல் எதை ஏற்றிக்கொண்டு வருகிறது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை மாயர் போடவில்லை. போடக்கூடிய இடத்திலும் அவர் இருக்கவில்லை. ஆனால் வாசிக்கிற நாங்கள் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே அறிவு வேறு கைகளிலும் போனது. கார்ஸ்டன் நீபூர் என்ற விவசாயக் குடும்பத்துப் பெடியனுக்கு மாயர் கோட்டிங்கனில் வைத்துச் சந்திரத் தூரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1761இல் டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு அனுப்பிய குழுவில் நீபூர் போனார். ஆறு பேரில் உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவர்தான். வந்தபோது கையில் யேமனின் படம் இருந்தது. மாயரின் முறையில் அளந்து வரைந்த படம்.

மாயரின் சந்திரப் படத்துக்கு என்ன நடந்தது? சந்திரனை ஒரு உருண்டையாகச் செய்து விற்க நியூரம்பேர்க்கில் திட்டம் போட்டிருந்தார்கள். அது நிறைவேறவில்லை. படத்தை, அவர் இறந்து 13 வருசம் கழித்து, 1775இல் கோட்டிங்கனின் லிஹ்டன்பேர்க் என்ற விஞ்ஞானி மாயரின் வெளிவராத எழுத்துகளோடு சேர்த்து வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டு பிறந்து கொஞ்சக் காலம் வரைக்கும் சந்திரனுக்கு அதைவிடத் திருத்தமான படம் இல்லை.

எங்களுக்கு மாயரிடம் மிஞ்சுவது அந்த 1750ஆம் ஆண்டுப் படம்தான். ஒரு கோடு அச்சில் வந்துவிட்டால் அது உண்மை என்று நம்புகிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. தேசப்படத்தில் இருந்தாலும் சரி, பாடப்புத்தகத்தில் இருந்தாலும் சரி, போனில் வந்தாலும் சரி. மாயர் செய்தது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் மற்றக் கோடுகளையும் வரைந்து காட்டியது. பிறகு எந்தக் கோடு சரி என்று அறிய மீதி வாழ்க்கையைச் செலவழித்தார். இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய வேலை. பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டு எழும்பிப் போவது எல்லாருக்கும் லேசு.

சந்திரனில் அவருடைய பெயரில் ஒரு கிண்ணக்குழி இருக்கிறது. கொப்பர்னிக்கஸ் என்ற பெரிய குழிக்கு வடமேற்கே, கார்பேத்தியன் மலைத்தொடரின் மேற்கு முனையில். போயா அன்று தேடாதீர்கள், முழுநிலவில் நிழல் விழாதபடியால் குழிகள் தெரியாது. வளர்பிறைத் தசமி, ஏகாதசி அளவில் ஒரு சின்னத் தொலைகாட்டி கிடைத்தால் பாருங்கோ. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்துக்குக் கிட்ட இருக்கும். அங்கிருந்து கிழக்கே, சந்திரனின் நடுப்பகுதிக்குக் கிட்ட மனிலியஸையும் காணலாம். அதை அவர் 27 தடவை அளந்தார். நாங்கள் ஒருதடவையாவது பார்ப்போம்.